கேமராவுக்குத் தனிக் கட்டணம்

பெரியவருக்கு ஐம்பது, சிறியவருக்கு இருபத்தைந்து,
கேமராவுக்கு நூறு.
பேச்சிப்பாறை அணை தாண்டி
ஜீப் மூச்சு வாங்கி நிற்கிற இடத்தில் என் கூண்டு.
தகரக் கூரை, ஒற்றை ஸ்டூல்,
காக்கிச் சேலை, நாளுக்கு முந்நூற்றிருபது.
பைக்குள்ளே பிளாஸ்டிக் உண்டா என்று
கைவிட்டுப் பார்ப்பதும் நான்தான்.
அட்டை கடித்தால் வைக்க உப்பும் என்னிடமே.

முதல் வாரம்
கொழுந்தன் சுகுமாரன் வந்தான்,
தலையில் மரச்சீனிக் கட்டு.
குறுக்கே கம்பு.
"மைனி, தூக்கு."
ரேஞ்சர் பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தேன்.
கம்புக்குக் கீழே குனிந்து நுழைந்து போனான்.
ஒரு கிழங்கு உருண்டு என் காலடியில் வந்தது.
நான் எழும்பவில்லை.

ஒருநாள் கறுப்புக் கண்ணாடிக்காரர் கேட்டார்:
"இங்க ஆதிவாசிங்க எந்தப் பக்கம்?
பாக்க முடியுமா?"
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.
"மூணு பேரு, ஒரு கேமரா, இருநூத்தம்பது."
சில்லறை எண்ணி வாங்கினார்.
என் முகத்தைத் தவிர
எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கும் நல்லமிளகு விளைக்கும் பட்டா உண்டு,
இல்லையென்று சொல்லக் கூடாது.
நாங்கள் கேட்டது தடம்.
தேன்பாறைக்கு ஏறுகிற தடம்,
சாவெடுத்துப் போகிற தடம்.
"சான்று போதாது" என்று
மனு மடங்கி வந்தது.

நடந்தோம், அதுதான் சான்று.
கால் கையெழுத்துப் போடாது என்றார்கள்.
பலாமரம்?
அதன் இடுப்பில் வனத்துறை நம்பர் நாற்பத்தொன்று.
மாமியாரைப் புதைத்த குழி?
அதற்கு ஒட்டித்தான் இப்போது சிமெண்டு பெஞ்சு,
உட்கார்ந்து நேந்திரங்காய்ச் சிப்ஸ் தின்கிறார்கள்.
தின்னட்டும்.
அவளுக்கும் வாய் ஓய்ந்ததில்லை,
பத்து வருஷம் கேட்டவள் நான்.

ஆடியில் ஒரு மத்தியானம்
மழை விடவேயில்லை, ஜீப்பும் வரவில்லை.
சும்மா இருந்த நேரத்தில்
என் கையாலே ஆயிரத்துக்கு மேல் கிழித்த சீட்டை
முதல் தடவை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
'கல்லம்பொற்றை காணிக் குடியிருப்பு.
பாரம்பரியத் தேன்பாறைத் தடம்.
நுழைவுச் சீட்டு.'
கீழே வட்ட முத்திரை, அவர்களுடையது.
மறுபடி வாசித்தேன்.
கூரையில் மழை
யாரோ அவசரமாய்த் தட்டச்சு செய்வதுபோல்.

எண் ஆயிரத்து நூற்று நாற்பத்துமூன்று.
கிழித்தேன்.
அடிக்கட்டையில் 'பெரியவர் ஒன்று' என்றெழுதி
முந்தானை முடிச்சிலிருந்து ஐம்பது ரூபாய் எடுத்து
டப்பாவில் போட்டேன்.
கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

"இது எந்தச் சான்று மைனி?"
"இணைப்பு ஏழு. எழுது."
குண்டூசி துருப்பிடித்திருந்தது,
அவன் விரலில் ஒரு பொட்டு இரத்தம்.
பத்மநாபபுரம் ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.
வாங்கியவர் சீட்டைத் திருப்பிப் பார்த்து
"போட்டிங் உண்டா அங்க?" என்று கேட்டாராம்.

மூன்று மாசம்.
கிராம்பு பூத்து, பறித்து, காய்ந்தும் போச்சு.

நேற்று புதுப் புத்தகம் வந்தது.
பச்சைத் தாள், வழவழப்பு,
ஓரத்தில் ஒரு சிங்கவால் குரங்கு.
'சூழல் சுற்றுலா, காட்சி முனை இரண்டு.'
அவ்வளவுதான்.
ஊர் இல்லை, தேன் இல்லை, தடம் இல்லை.
கட்டணம் மட்டும் மாறாமல் இருக்கிறது.

பழைய புத்தகத்தில் பதினேழு சீட்டு மிச்சம்.
உடனே ஒப்படைக்க வேண்டுமாம்.
காணவில்லை,
தேடிக்கொண்டிருக்கிறேன்
என்று சொல்லியிருக்கிறேன்.